பத்து வெள்ளியில் ஒரு விடுமுறை



பள்ளிக்கூடத்தை அடைத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், உங்களுக்கோ திண்டாட்டம். விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் வந்துவிடும். வீட்டுக்காரர் இரவு வேலை முடித்து அப்போதுதான் வந்து படுத்திருப்பார். "அப்பா தூங்குகிறார், சத்தம் போடாதே, கதவைத் திறக்காதே" என்று சொல்லி, கையில் ஒரு தொலைபேசியைக் கொடுத்துவிட்டுப் போகிறீர்கள். மாலையில் திரும்பி வந்து பார்த்தால் பிள்ளை காலையில் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கம்போங் மேடான் அடுக்குமாடிகளில் இப்படி எத்தனையோ வீடுகள். தோட்டத்தில் இருந்த காலத்தில் ஆயாக் கொட்டகை இருந்தது. லயத்தில் யாராவது ஒரு கிழவி திண்ணையில் உட்கார்ந்து எல்லாப் பிள்ளைகளையும் அதட்டிக் கொண்டிருப்பாள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் போனபோது, பட்டணம் தேடி வந்த நம் குடும்பங்கள் பல பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய இந்தப் பகுதியில்தான் கால் ஊன்றின. பலகை வீடு போய் அடுக்குமாடி வந்தது. ஆனால், திண்ணைக் கிழவி வரவில்லை.

சரி, விடுமுறை என்றால் பிள்ளை விளையாடட்டுமே, அதில் என்ன கெட்டுவிட்டது என்று கேட்பீர்கள். விளையாடத்தான் வேண்டும். ஆனால் ஒரு செய்தியையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் பால்டிமோர் என்ற நகரத்தில் 1982-ஆம் ஆண்டு முதலாம் வகுப்பில் சேர்ந்த சுமார் 800 பிள்ளைகளை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகள் விடாமல் கவனித்து வந்தார்கள். பள்ளி நடக்கிற மாதங்களில் ஏழை வீட்டுப் பிள்ளையும் வசதி உள்ள வீட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் முன்னேறினார்கள். நீண்ட விடுமுறையில்தான் வித்தியாசம் வந்தது. வசதி உள்ள வீட்டுப் பிள்ளை அந்த மாதங்களிலும் கொஞ்சம் ஏறியது. ஏழைப் பிள்ளை நின்ற இடத்திலேயே நின்றது, சில வேளை இறங்கியும் போனது. இந்த வித்தியாசம் அவ்வளவு பெரிதல்ல என்று பின்னால் வந்த ஆராய்ச்சியாளர்கள் சிலர் வாதிடுகிறார்கள். இருக்கட்டும். ஆறு வாரம் புத்தகத்தைத் தொடாத பிள்ளை, பள்ளி திறந்ததும் வாய்ப்பாட்டில் தடுமாறுவதைப் பார்க்க நமக்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை.

உடனே டியூஷனுக்கு ஓடாதீர்கள். விடுமுறையிலும் நாற்காலியில் கட்டிப் போட்டால் பிள்ளைக்குப் படிப்பே கசந்துவிடும். செலவும் உங்களுக்குத் தாங்காது. வாரத்துக்குப் பத்து வெள்ளி, நாளுக்கு அரைமணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஒரு பாதி நாள். இவ்வளவுதான் நான் உங்களிடம் கேட்பது.

முதலில் ஒரு காசும் செலவில்லாத வேலையைச் சொல்கிறேன். பல்லாங்குழி உங்களுக்குத் தெரியும். உங்கள் பாட்டிக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். பலகை இல்லாவிட்டால் சிமெண்டுத் தரையில் சுண்ணக்கட்டியால் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு வட்டம் போடுங்கள். முட்டை வைத்து வரும் அட்டைத் தட்டு இன்னும் நல்லது. குழிக்கு ஐந்து கொட்டை. மொத்தம் எத்தனை வேண்டும் என்று பிள்ளையையே கேளுங்கள்; பதினான்கு ஐந்து எழுபது என்று அது சொல்லட்டும். சொல்லத் தெரியாவிட்டால் எண்ணிப் பார்க்கட்டும். எண்ணிக் கண்டுபிடித்த வாய்ப்பாடு மறக்காது. ஒரு குழியை வாரி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு போய், கை காலியானதும் அடுத்த குழியை வாரி, அடுத்த குழி காலியாக இருந்தால் அதற்கு அடுத்ததை வென்று எடுப்பது. நான்கு சேர்ந்தால் பசு என்று எடுத்துக்கொள்வது. இவ்வளவுதான் ஆட்டம். ஆனால் எந்தக் குழியிலிருந்து தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று மனத்துக்குள்ளேயே எண்ணிப் பார்க்கிற பிள்ளைதான் வெல்லும். கூட்டல், கழித்தல், முன்யோசனை மூன்றும் அதில் இருக்கின்றன.

இப்போது எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள். மக்சிக் வீட்டுப் பிள்ளைக்கு இதே விளையாட்டு தெரியும். அவர்கள் அதைச் 'சொங்காக்' என்பார்கள். அவர்களுடைய பலகையிலும் பக்கத்துக்கு ஏழு குழி. ஆனால் இரு முனையிலும் 'வீடு' என்று ஒரு பெரிய குழி உண்டு. குழிக்கு ஏழு கொட்டை, ஆக மொத்தம் தொண்ணூற்றெட்டு. தன் வீட்டில் ஒன்று போட்டுக்கொண்டே போவார்கள், எதிராளியின் வீட்டைத் தாண்டிவிடுவார்கள். நம் பிள்ளை அவர்கள் முறையைக் கற்கட்டும், அவர்கள் பிள்ளை நம் முறையைக் கற்கட்டும். எந்த முறையில் ஆட்டம் சீக்கிரம் முடிகிறது, ஏன் முடிகிறது என்று இருவரும் சேர்ந்து யோசிக்கட்டும். ஆப்பிரிக்காவிலும் இப்படிக் குழி வைத்து ஆடும் ஆட்டங்கள் பல உண்டு என்று சொல்லி, உலகப் படம் இருந்தால் அந்தக் கண்டத்தைக் காட்டிவிடுங்கள். பூகோளமும் ஆயிற்று.

தோட்டத்தில் உறவினர் இன்னும் இருந்தால், கித்தாமரம் நிற்கும் இடம் தெரிந்தால், கொட்டை பொறுக்கி அனுப்பச் சொல்லுங்கள். பளபளப்பான அந்தப் புள்ளிக் கொட்டையைப் பட்டணத்துப் பிள்ளைகள் பலர் பார்த்ததே இல்லை. வெயிலில் காய் 'படார்' என்று வெடித்துக் கொட்டை தூரப் போய் விழுவது ஏன் தெரியுமா? ஓடு காய்ந்து முறுக்கிக்கொண்டு, தாங்க முடியாமல் பிளக்கிறது. மரம் தன் பிள்ளைகளைத் தூர அனுப்பும் வழி அது. கொட்டையைச் சிமெண்டில் பரபரவென்று தேய்த்து அடுத்தவன் கையில் சூடு வைக்கும் விளையாட்டு உங்களுக்கு நினைவிருக்கும், வாங்கிய அடியும் நினைவிருக்கும்! உராய்வால் வெப்பம் வரும் என்று பின்னால் விஞ்ஞானப் புத்தகம் சொல்லப் போவதை அந்தக் கொட்டை முன்னாலேயே சொல்லிவிடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: பச்சைக் கித்தாக்கொட்டையில் நஞ்சு இருக்கிறது. சிறு குழந்தைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கொட்டையின் கதையையும் சொல்லுங்கள். பிரேசில் நாட்டு மரம் இது. லண்டனில் உள்ள கியூ தோட்டத்தில் முளைக்க வைத்த கன்றுகள் இருபத்திரண்டு 1877-இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது பேராக்கில் உள்ள கோலாகங்சாருக்குப் போயின. அந்த ஒன்பதில் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. அந்த மரத்துக்காகத்தான் நம் பாட்டன் பூட்டன் கடல் தாண்டி வந்தார்கள் என்று சொல்லிப் பாருங்கள், பிள்ளை கண்ணை விரித்துக்கொண்டு கேட்கும்.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டுங்கள் என்று நான் சொன்னதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது, என்றாலும் சொல்கிறேன். 2001-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கம்போங் மேடானிலும் சுற்றுப்புறங்களிலும் நடந்ததை அந்த வட்டாரத்தில் இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு சிறு தகராறு, அதன்மேல் ஒரு வதந்தி, அதன்மேல் இன்னொரு வதந்தி. ஆறு பேர் உயிர் போயிற்று; அவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். வெட்டுக்காயப்பட்டவர்கள் பலர். வறுமையும் நெருக்கடியும் காரணம் என்று பெரியவர்கள் ஆராய்ந்து சொன்னார்கள்; அதுவும் உண்மைதான். ஆனால் பக்கத்துவீட்டுப் பையனின் பெயர் தெரிந்தவனிடம் வதந்தி அவ்வளவு எளிதாக எடுபடாது என்பது என் எண்ணம். தாழ்வாரத்தில் ஒரு பல்லாங்குழிப் பலகை இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று சொல்ல நான் பைத்தியக்காரி அல்ல. ஆனாலும் விடுமுறையில் பூட்டிய கதவுக்குப் பின்னால் தனித்தனியே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைவிட, தாழ்வாரத்தில் சேர்ந்து சண்டை போட்டு, சேர்ந்து சமாதானம் ஆகும் பிள்ளைகள் மேல்.

இன்னும் இரண்டு விளையாட்டு அப்படி உண்டு. நம் ஐந்தாங்கல்லை அவர்கள் 'பத்து செரம்பான்' என்பார்கள். கல்லுக்குப் பதிலாகச் சிறு துணிப்பையில் அரிசியோ பயறோ நிரப்பித் தைத்து ஆடுவதும் உண்டு. பழைய துணியில் ஐந்து பை தைக்கப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள், ஆண் பிள்ளைக்கும்தான். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவனுக்குப் பிற்காலத்தில் பித்தான் தைக்க யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை. கோலியை அவர்களும் 'கூலி' என்றுதான் சொல்கிறார்கள். இங்கே ஒரு சொல் வேட்டை வைக்கலாம். கப்பல் – காப்பால், கடை – கெடாய், கட்டில் – காத்தில், பெட்டி – பெத்தி, முதல் – மோடால், திரை – திராய், கோயில் – கூயில். இவை தமிழிலிருந்து மலாய்க்குப் போன சொற்கள். கடைப் பலகைகளில் இப்படி எத்தனை கண்டுபிடிக்கிறாய் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நாம் மலாயிலிருந்து எடுத்துக்கொண்ட கித்தா, பாசார், சம்பல் எல்லாம் இன்னொரு பக்கத்தில். பள்ளியில் மலாய்ப் பாடம் வராது என்று அழுகிற பிள்ளைக்கு, அந்த மொழியில் பல சொற்கள் தன் வீட்டுச் சொந்தக்காரர்கள் என்று தெரிந்தால் பயம் குறையும்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கம்போங் டத்தோ ஹருண் கொமுட்டர் நிலையம் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் ஏறினால் கே.எல். சென்ட்ரல், மறு பக்கம் ஏறினால் கிள்ளான். ரயில் கட்டணம் சின்னத் தொகைதான். மாணவர்களுக்குச் சலுகை உண்டா என்று முகப்பில் கேட்டுக்கொள்ளுங்கள். சோற்றுப் பொட்டலமும் தண்ணீர்ப் புட்டியும் வீட்டிலிருந்து போகட்டும். பிள்ளை கையில் ஒரு பென்சில், ஒரு காகிதம்.

கிள்ளான் பக்கம் போவதாக வைத்துக்கொள்வோம். செரி செத்தியா, செத்தியா ஜெயா, சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலாம், பாடாங் ஜாவா, புக்கிட் பாடாக், எட்டாவதாகக் கிள்ளான். ஒவ்வொரு நிலையத்துக்கும் வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று பிள்ளை எழுதட்டும். எந்த இரண்டு நிலையத்துக்கு நடுவே அதிக நேரம் ஆயிற்று? மொத்தம் எத்தனை நிமிடம்? கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளை ஒரே பயணத்தில் பழகிவிடும். பிறகு பெயர்களைக் கேளுங்கள். பாடாங் ஜாவா என்றால் ஜாவாத் திடல். ஜாவாத் தீவிலிருந்து வந்தவர்களுக்கும் அந்த இடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று பிள்ளையே யோசிக்கட்டும். புக்கிட் பாடாக் என்றால் காண்டாமிருகக் குன்று. இன்று அங்கே ஒரு காண்டாமிருகமும் இல்லை. மலேசியாவின் கடைசிச் சுமத்ராக் காண்டாமிருகம் 2019-இல் சபாவில் இறந்துவிட்டது. இந்த நாட்டில் அந்த இனமே முடிந்தது. பத்து தீகாவில் 'பத்து' என்றால் கல். மைல்கல்லையும் அப்படித்தான் சொல்வார்கள். நாம் தோட்டத்தில் மூணாங்கட்டை, ஆறாங்கட்டை என்று சொல்லும் அதே கணக்கு. பத்துமலை என்றதும் பத்து மலைகள் இருக்கும் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அங்கேயும் அது கல்தான் என்று சொல்லிவிடுங்கள்.

இந்த ரயில் பாதையும் பழையது. 1886-இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையில் உள்ள புக்கிட் கூடா வரைக்கும் ரயில் ஓடியது. ஆற்றின் மேல் பாலம் போட்டு 1890-இல் கிள்ளானுக்கு வந்தது. 1901-இல் கடற்கரையில் புதுத் துறைமுகம் திறந்தார்கள். அன்று அதற்குப் போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர், 1972 முதல் கிள்ளான் துறைமுகம். திறந்த சில மாதங்களில் அங்கே மலேரியாக் காய்ச்சல் பரவி ஆட்கள் மடிந்து, துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேச்சு எழுந்தது. கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்ட் ரோஸ் இந்தியாவில், செகந்திராபாத்தில், 1897-இல் கண்டுபிடித்து நான்கே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அப்போது கிள்ளானில் அரசாங்க டாக்டராக இருந்த மால்கம் வாட்சன் அதை நம்பினார். சதுப்பை வெட்டி வடித்தார், காட்டைத் திருத்தினார், காய்ச்சல் வேகமாகக் குறைந்தது. பிறகு தோட்டம் தோட்டமாகப் போய் லயங்களைச் சுற்றியும் கால்வாய் வெட்டச் செய்தார். காய்ச்சலில் மாண்டவர்களில் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இந்தக் கதையைக் கிள்ளான் நிலையத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். மறுநாள் வீட்டில் பிள்ளையை டாக்டர் வாட்சன் ஆக்குங்கள். இப்போது நம்மை வாட்டுவது டெங்கி. அந்த ஏடிஸ் கொசு சதுப்பைத் தேடுவதில்லை, வீட்டுப் பூச்சாடித் தட்டிலும் தாழ்வாரத்தில் கிடக்கும் டப்பாவிலும் தேங்கிய சுத்தமான தண்ணீரே அதற்குப் போதும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள். அதனால்தான் வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள் என்று சுகாதார அமைச்சு சொல்கிறது. பிள்ளை கையில் ஒரு டார்ச் விளக்கைக் கொடுங்கள். எந்த மாடியில், எந்த இடத்தில் தண்ணீர் தேங்கி இருந்தது, புழு இருந்ததா என்று எழுதி, உடனே கொட்டிவிட வேண்டும். நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் ஒரு புளோக் முழுதும் பார்த்துவிடலாம். இது விளையாட்டும் ஆயிற்று. பக்கத்துவீட்டுக் கைக்குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகாமல் காப்பாற்றியதும் ஆயிற்று.

மற்ற ஞாயிறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கே.எல். சென்ட்ரலில் மாறினால் பத்துமலை. 272 படி, ஒரு படியின் உயரத்தை அடிக்கோலால் அளந்து பெருக்கினால் குகை வாசல் எவ்வளவு உயரம் என்று தெரியும். குரங்கிடம் பையைக் கொடுத்துவிடாதீர்கள்! தம்புசாமிப் பிள்ளை அங்கே கோயில் ஏற்படுத்தி, 1892 முதல் தைப்பூசம் நடந்து வருகிறது. சுண்ணாம்புக் கல் மலை எப்படிக் குகையானது என்று கேட்டால், வீட்டுக்கு வந்து ஒரு முட்டையைக் காடியில் போட்டு வையுங்கள். கடையில் சூக்கா என்றால் தருவார்கள். முட்டை ஓடும் சுண்ணாம்புதான். நுரை நுரையாகக் கிளம்பி, ஒன்றிரண்டு நாளில் ஓடு கரைந்து முட்டை தோல் மட்டும் போர்த்திக்கொண்டு நிற்கும். லேசான புளிப்புள்ள மழைநீர் மலையை அரித்ததும் இப்படித்தான். அதற்கு மட்டும் லட்சக்கணக்கான ஆண்டுகள். தேசிய அரும்பொருளகம் 1963-இல் திறந்தது, சென்ட்ரலிலிருந்து நடந்தே போகலாம், கட்டணம் சொற்பம். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டப் பார்க்காதீர்கள், ஒரு கூடம் போதும். பிள்ளைக்குக் கால் வலித்தால் அறிவு ஏறாது.

கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகத்தை மட்டும் தவற விடாதீர்கள். ஈயம் தோண்டிப் பாழாகிப் போன நிலத்தில் 1920-களிலிருந்து மரம் நட்டு நட்டுக் காடாக்கியிருக்கிறார்கள். 2025-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. அங்கே கபூர் மரங்களின் கீழ் நின்று அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மரத்தின் இலை இன்னொரு மரத்தைத் தொடாமல், நடுவே ஆறு ஓடுவதுபோல வானம் தெரியும். ஏன் என்று விஞ்ஞானிகளே இன்னும் பல காரணங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்த மரத்திலிருந்துதான் அந்தக் காலத்தில் உயர்ந்த கற்பூரம் எடுத்தார்கள். பூஜைத் தட்டைப் பார்க்கும்போது பிள்ளைக்கு அது நினைவு வரும்.

நூலகத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. காசில்லை, குளிர்சாதனம் உண்டு. பெட்டாலிங் ஜெயாவில் மாநகர் மன்ற நூலகம், ஷா ஆலாமில் ராஜா துன் உடா நூலகம், தலைநகரில் தேசிய நூலகம். பிள்ளை எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் பிடுங்காதீர்கள். படக்கதையும் படிப்புதான்.

வெளியே போக முடியாத வாரங்களில் வீட்டுக்குள்ளேயே வேலை இருக்கிறது. மழை பெய்கிற மாதங்களில், பக்கம் நேராக உள்ள ஒரு பால் டின்னை மொட்டைவெளியில் வைத்து, மழை நின்றதும் அடிக்கோலால் அளந்து எழுதி வரட்டும். கோலாலம்பூரில் ஓராண்டில் ஏறக்குறைய 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை. சென்னையில் சுமார் 1,400. நம் டின்னில் ஒரே மாலையில் எவ்வளவு என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அளந்ததும் டின்னைக் கவிழ்த்துவிடுங்கள், கொசு ஞாபகம் இருக்கட்டும். பச்சைப்பயற்றை ஊற வைத்து ஈரத்துணியில் கட்டினால் மூன்று நான்கு நாளில் தவ்கே. ஒரு துணியை வெளிச்சத்திலும் ஒன்றை இருட்டிலும் வைத்து எது நீளம், எது பச்சை என்று பார்க்கட்டும். கடைசியில் சம்பலோடு வதக்கிவிடலாம். காலி வண்ண டின்னில் கங்கோங் விதை போட்டால் நான்கு வாரத்தில் ஒரு கறி.

பாசார் மாலாம் நாளில் பிள்ளை கையில் பத்து வெள்ளியைக் கொடுங்கள். "இன்றைக்குக் காய்கறி நீதான் வாங்குகிறாய், மிச்சக் காசு உனக்கு" என்று சொல்லுங்கள். கிலோ விலையைக் கேட்டு அரைக்கிலோவுக்குக் கணக்குப் போடும், பேரம் பேசும், அழுகின தக்காளியைத் திருப்பிக் கொடுக்கும். முதல் வாரம் ஏமாந்து வரும். திட்டாதீர்கள். எங்கே எவ்வளவு போயிற்று என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இரண்டாம் வாரம் ஏமாறாது.

வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இருந்தால் அவர்தான் உங்களுக்குக் கிடைத்த பெரிய நூலகம். பிள்ளை ஒரு நாளைக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டு, பதிலைத் தமிழில் பத்து வரி எழுதட்டும். பிறந்த தோட்டத்தின் பெயர் என்ன? பெரட்டுக்கு எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? பால் எடை குறைந்தால் என்ன செய்வார்கள்? யார் முதலில் இந்த நாட்டுக்கு வந்தது, எந்தக் கப்பலில்? பலர் ரஜூலா என்பார்கள். 1926-இல் கட்டிய கப்பல் அது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. பின்னால் வந்த எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்தது. அத்தோடு அந்தக் கப்பல் பயணமே முடிந்தது. தொலைபேசி இங்கேதான் உதவும்: பாட்டியின் குரலை அதில் பதிவு செய்யலாம், பழைய அடையாள அட்டையையும் மஞ்சள் ஏறிய படங்களையும் படம் பிடித்து வைக்கலாம். தோட்டங்களின் பெயர்ப்பலகையே இல்லாமல் போகிற காலம் இது. இந்த நோட்டு இல்லாவிட்டால் உங்கள் பேரப்பிள்ளைக்குத் தன் குடும்பம் எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆள் இருக்காது.

பதினாலு பதினைந்து வயதுப் பையன்களுக்குப் பல்லாங்குழி போதாது என்பது எனக்குத் தெரியும். அவர்களைத்தான் படிக்கட்டில் வந்து அழைக்கிறார்கள். மோட்டார் சைக்கிள், கையில் கொஞ்சம் காசு, 'அண்ணே' என்று கூப்பிட ஒரு கூட்டம். அவனை வீட்டில் பூட்டி வைக்க உங்களால் முடியாது. பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். சின்னவர்களை ரயிலில் கூட்டிப் போகிற தலைவன் அவன். கொசுப் படையின் கணக்கப்பிள்ளை அவன். பாட்டி சொன்னதைக் கணினியில் அடித்துத் தருபவன் அவன். தகப்பன்மார்களே, இது உங்கள் பங்கு. வாரத்தில் உங்களுக்குக் கிடைக்கும் அந்த ஒரு ஓய்வு நாளில், பழுதான மின்விசிறியைக் கழற்றும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். திருப்புளியை அவன் கையில் கொடுங்கள். மின்சாரப் பிளக்கை முதலில் பிடுங்கிவிட வேண்டும் என்பதையும் அவனே சொல்லட்டும்.

பகலில் யார் பார்த்துக்கொள்வது என்பதுதான் இன்னும் பாக்கி. ஒரே தாழ்வாரத்தில் நான்கு குடும்பம் இருந்தால் வேலை நேரத்தை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே இருப்பது அபூர்வம். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு கதவு திறந்திருந்தால் போதும். அந்த மூன்று மணி நேரம் தொலைபேசிகள் அலமாரிக்கு மேலே. ரொட்டியும் மைலோவும் அவரவர் வீட்டிலிருந்து வரட்டும். ஒருத்தர் தலையில் செலவு விழுந்தால் இரண்டாம் வாரமே ஏற்பாடு உடைந்துவிடும். மலாய்க் குடும்பமும் சேர்ந்தால் சாப்பாட்டு விஷயத்தை முதல் நாளே பேசிக்கொள்ளுங்கள். ஹலால் ரொட்டி, முட்டையில்லாத பிஸ்கட் என்று முடிவு செய்துவிட்டால் பிறகு மனத்தாங்கல் இல்லை. பட்டியலின் ஒரு பிரதியைக் கதவிலும், இன்னொன்றை இரவு வேலை முடித்து வந்து தூங்குகிற அப்பா கண்ணில் படுகிற இடத்திலும் ஒட்டிவிடுங்கள்.